பம்பாய் நகரத்து யூதக் கொடையாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சசூன்கள் பாக்தாத்திலிருந்து பம்பாய் வந்த யூத வணிகக் குடும்பம். மும்பையில் மீன் இறங்கும் துறைக்கும் சசூன் பெயர், நூலகத்துக்கும் சசூன் பெயர், பள்ளிக்கூடத்துக்கும் சசூன் பெயர். புனேக்குப் போனால் அரசு ஆஸ்பத்திரியே சசூன். பெயரைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒருவரே கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். சசூன் அல்லாத யூதர்கள் செய்தது கணக்கிலேயே வருவதில்லை. அடிக்கடி குழப்பம் வரும் இடங்களுக்கான பதில்கள் கீழே.

டேவிட் சசூன் எந்த ஊர்க்காரர்? பம்பாய்க்கு ஏன் வந்தார்?

1792-இல் பாக்தாத்தில் பிறந்தவர். அப்பா அங்கே ஆளுநர்களின் கருவூல அதிகாரி. யூத சமூகத்துக்கும் தலைவர். தாவூத் பாஷா ஆட்சியில் யூதர்களுக்கு நெருக்கடி முற்றியதும் பாரசீக வளைகுடாவில் உள்ள புஷேருக்குத் தப்பிப் போய், அங்கிருந்து 1832-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்போதே நாற்பது வயது. பருத்தி, துணி, பிறகு சீனாவுக்கு அபினி என்று வியாபாரம் விரிந்தது. 1853-இல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபோது கையெழுத்தை எபிரேய எழுத்தில்தான் போட்டார். 1864 நவம்பரில் புனேயில் இறந்தார்.

சசூன் பெயர் உள்ள எல்லாம் இவர் கட்டியவையா?

இல்லை. மூன்று தலைமுறை கலந்து கிடக்கிறது. பைகுல்லாவில் உள்ள மாகேன் டேவிட் சினகாக் (யூதத் தொழுகையிடம்), மும்பைக் காலா கோடா பகுதி நூலகத்துக்கான நன்கொடை, புனே ஆஸ்பத்திரிக்கான பெரும்பணம், தவறு செய்த சிறுவர்களுக்காக 1857-இல் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளி ஆகியவை டேவிட்டின் காலத்தவை. சசூன் டாக் அவருடைய மூத்த மகன் ஆல்பர்ட் கட்டியது. கோட்டைப் பகுதியில் உள்ள கெனஸெத் எலியாஹு சினகாக் பேரன் ஜேக்கப் 1884-இல் தன் அப்பா எலியாஸ் நினைவாக எழுப்பியது. பைகுல்லா பள்ளியும் ஜேக்கப் பெயரில்தான். ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ் கட்டப் பணம் கொடுத்த நால்வரில் அவரும் ஒருவர். மற்ற மூவர் கோவாஸ்ஜி ஜெஹாங்கீர் என்ற பார்சி, கரீம்பாய் இப்ராஹிம் என்ற முஸ்லிம், வசன்ஜி மூல்ஜி என்ற இந்து.

பெயரை வைத்தே ஆளைப் பிரிக்கலாம். நடுவில் வருவது அப்பா பெயர், நம் இனிஷியல் மாதிரி. எலியாஸ் டேவிட் சசூன் என்றால் டேவிட்டின் மகன் எலியாஸ். ஜேக்கப் எலியாஸ் சசூன் என்றால் எலியாஸின் மகன் ஜேக்கப். பாக்தாத் யூதர்களுக்கும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் உண்டு. அதனால் டேவிட்டின் அப்பா பெயர் சசூன், டேவிட்டின் ஒரு மகன் பெயரும் சசூன். நடுப்பெயரைத் தவறவிட்டால் எந்தத் தலைமுறை என்று தெரியாது.

டேவிட் சசூனும் சர் சசூன் டேவிட்டும் ஒருவரா?

வேறு வேறு ஆட்கள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். பட்டியல்களில்கூடப் பெயர் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. சர் சசூன் டேவிட் (1849–1926) பருத்தி, மில் தொழிலில் இருந்த பாக்தாதி யூதர். டேவிட் என்பது அவருக்குக் குடும்பப் பெயர். 1906-இல் பேங்க் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1921–22-இல் பம்பாய் மாநகராட்சித் தலைவர். அவரை மேயர் என்று எழுதுவதும் பிசகுதான், ஏனென்றால் பம்பாயில் 1931 வரை அந்தப் பதவிக்குப் பெயர் ‘பிரசிடென்ட்’.

பெயருக்கு முன்னால் ‘சர்’ சேரும் பாரனெட் என்ற பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டத்திலும் இதே சிக்கல். ஆல்பர்ட் சசூனுக்கு 1890-இல், ஜேக்கப் சசூனுக்கு 1909-இல், சசூன் டேவிட்டுக்கு 1911-இல் என்று மூன்று தனித்தனிப் பட்டங்கள். முதியவர் டேவிட் சசூனுக்கு அந்தப் பட்டம் கிடையாது. அவர் பெயருக்கு முன்னால் ‘சர்’ போட்டிருந்தால் எழுதியவர் ஆளை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

டேவிட் சசூன் நூலகம் முழுக்க அவர் பணத்தில் எழுந்ததா?

பாதிக்கும் சற்றுக் குறைவு. கட்டடச் செலவு 1,25,000 ரூபாய். அவர் கொடுத்தது 60,000. மீதியைப் பம்பாய் மாகாண அரசு போட்டது. அந்தக் காலத்துக் கொடைகள் பல இப்படித்தான். தனவான் ஒரு தொகை தருவார், அரசு மீதியைச் சேர்க்கும், பெயர் தனவானுடையது. ஆகவே ‘இன்னார் கட்டிய’ என்பதைவிட ‘இன்னார் பணம் கொடுத்த’ என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

நூலகத்தைத் தொடங்கியவர்களும் சசூன்கள் அல்ல. அரசு நாணயச்சாலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை பார்த்த இளம் மெக்கானிக்குகளும் ஃபோர்மேன்களும் 1847-இல் தங்களுக்குள் தொடங்கிய சங்கம் அது. இயந்திர மாதிரிகளைப் பார்க்கவும் அதைப் பற்றிய சொற்பொழிவு கேட்கவும் கூடினார்கள். கட்டடம் 1870-இல்தான் முடிந்தது. டேவிட் அதைப் பார்க்கவில்லை. மலாட் மஞ்சள் கல்லில் கட்டியது. வாசல் வளைவுக்கு மேலே வெள்ளைக் கல்லில் அவர் தலை. உள்ளே நுழைந்தால் நீண்ட அங்கியும் தலைப்பாகையுமாக முழு உருவச் சிலை, தாமஸ் வூல்னர் செய்தது. மாடி வராந்தாவில் சாய்வு நாற்காலிகள். வெளியே ரோட்டில் ஹாரன் அலற, உறுப்பினர்கள் மடியில் பேப்பரோடு தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சசூன் டாக் எதற்காகக் கட்டப்பட்டது? மீன் பிடிக்கவா?

பருத்திக்காக. பம்பாய்க் கடலில் ஏற்ற இறக்கம் அதிகம். நீர் வற்றினால் கரையோரம் சேறாகிவிடும், கப்பல் நெருங்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, சிறு படகில் மூட்டையை மாற்றி, மறுபடி கரையில் இறக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றலிலும் கூலி, தாமதம், நனைந்த சரக்கு. ஆல்பர்ட் கொலாபாவில் கடலை மீட்ட நிலத்தில் 1875-இல் கட்டியது ‘ஈரத்துறை’. ஏற்றத்தின்போது கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடினால், வெளியே நீர் வடிந்தாலும் உள்ளே மட்டம் இறங்காது. மேற்கு இந்தியாவில் இந்த வகையில் முதல் துறை இது. லாப நோக்குள்ள முதலீடுதான், தர்மம் அல்ல. ஆனால் தனியார் ஒருவர் செய்து காட்டிய பிறகுதான் அரசுக்கு உறைத்தது என்று சொல்லலாம்: 1879-இல் இந்தத் துறையை அரசே வாங்கியது, 1880-இல் பிரின்ஸ் டாக் திறந்தது. மீன் பிற்பாடு வந்தது.

காலா கோடா குதிரைக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம்?

காலா கோடா என்றால் கருங்குதிரை. அந்தப் பெயருக்குக் காரணமான கரிய சிலை ஆல்பர்ட் சசூன் வாங்கிக் கொடுத்தது. குதிரைமேல் இருந்தவர் அப்போது வேல்ஸ் இளவரசரான ஏழாம் எட்வர்டு. ஜோசப் எட்கர் போம் செய்த சிலை, 1879-இல் திறப்பு. 1965-இல் அதை எடுத்து பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது காலா கோடாவில் நிற்பது 2017-இல் வைத்த, ஆள் ஏறாத வேறு குதிரை. அதன் கீழே நின்று படம் எடுத்து ‘சசூன் கொடுத்த சிலை’ என்று போடுகிறவர்கள் நிறைய.

இதெல்லாம் அபினிப் பணம்தானே?

பெரும்பங்கு ஆம். 1842 நான்ஜிங் உடன்படிக்கைக்குப் பிறகு சீனத் துறைமுகங்கள் திறந்தன. 1844-இல் மகன் எலியாஸ் அங்கே போனார். இங்கிருந்து அபினியும் பருத்தியும் போக, அங்கிருந்து பட்டும் தேயிலையும் வந்தன. அபினி அன்று சட்டப்படியான சரக்கு, பிரிட்டிஷ் அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. பார்சி, குஜராத்தி வணிகர்களும் அதே வியாபாரத்தில் இருந்தார்கள். இதனால் சீனக் குடும்பங்கள் பட்ட பாடு குறைந்துவிடாது. ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதும்போது அபினியை விழுங்கிவிடுவதும் தவறு, அபினியைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியை ஒன்றுமில்லாததாக்குவதும் தவறு. இரண்டும் ஒரே பேரேட்டில் இருந்தவை. பருத்தி லாபம் இதற்கு அடுத்தது: 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு வருவது நின்றபோது பம்பாய்ப் பஞ்சுக்கு விலை எகிறியது. நகரத்தின் பெரிய கொடைக் கட்டடங்கள் பல அந்த ஆண்டுகளை ஒட்டியே எழுந்தவை.

பெண்கள் யாரும் இல்லையா?

இருவரையாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளோரா சசூன் டேவிட்டின் கொள்ளுப்பேத்தி. டேவிட்டின் மகன் சாலமனையே மணந்தவர். கணவர் 1894-இல் இறந்ததும் பம்பாய்க் கம்பெனியை அவரே நடத்தினார். 1901-இல் லண்டன் போகும்வரை அப்படித்தான். 1896-இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் வெடித்தது. ஒடெஸாவிலிருந்து வந்த யூத விஞ்ஞானி வால்டமார் ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். ஊர் ஊசியைக் கண்டு பயந்தது. ஃப்ளோரா எல்லாரும் அறியத் தானும் போட்டுக்கொண்டு மற்றவர்களை வரவழைத்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்துக்கு அந்தப் பெயர் 1925-இல் வந்தது.

மற்றவர் டாக்டர் ஜெரூஷா ஜிராட். ஷிவமொக்காவில் பிறந்தவர், கொங்கணக் கரை யூதர்களான பெனே இஸ்ரேல் சமூகத்துப் பெண். 1919-இல் லண்டனில் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பெற்றவர், காமா ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக 1947 வரை இருந்தார். 1966-இல் பத்மஸ்ரீ. கட்டடத்தில் பெயர் பொறிக்கும் வகைக் கொடை இல்லை இது. அதனாலேயே சுற்றுலாக் கையேடுகளில் அகப்படுவதில்லை.

பெனே இஸ்ரேல் என்பவர்கள் யார்? சசூன்களோடு உறவா?

உறவில்லை. சசூன்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பாக்தாதிகள். பெனே இஸ்ரேல் கொங்கணக் கரையில் நெடுங்காலமாக வாழ்ந்து மராத்தி பேசுகிறவர்கள். எண்ணெய் ஆட்டுவது தொழில், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ஷனிவார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர். ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்துக் குடும்பப் பெயர்: கெஹிம்கர், திவேகர், ராஜ்பூர்கர். இரு கூட்டத்துக்கும் சினகாக்கும் கல்லறையும் தனித்தனி. பாக்தாதிகளில் பலர் இவர்களைத் தமக்குச் சமமாக நடத்தவில்லை என்பதும் வரலாறுதான்.

பம்பாயின் முதல் சினகாக்கைக் கட்டியவர் பெனே இஸ்ரேல்காரர், சசூன்களுக்கு முன்பே: கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி சாமுவேல் எசக்கியேல் திவேகர், மராத்தியில் சாமாஜி ஹசாஜி. திப்பு சுல்தானிடம் போரில் சிறைப்பட்டார். ‘நீ எந்த இனம்’ என்று கேட்டபோது ‘பெனே இஸ்ரேல்’ என்றாராம். குரானில் வரும் பெயராயிற்றே என்று திப்புவின் தாய் உயிர்ப்பிச்சை கேட்டாராம். இது சமூகத்தில் வழங்கும் கதை. உறுதியானது, அவர் திரும்பி வந்து 1796-இல் மாண்ட்வியில் சினகாக் எழுப்பியது. 1860-இல் அதைப் பக்கத்திலேயே இப்போதுள்ள இடத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். மஸ்ஜித் ரயில் நிலையத்தின் பெயருக்கே இந்த ‘ஜூனி மஸ்ஜித்’, அதாவது பழைய தொழுகையிடம், காரணம் என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள்.

ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1875-இல் தம் சமூகப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் எல்லி கடூரியின் பணம் வந்ததும் பெயர் மாறியது. மஜகாவில் உள்ள சர் எல்லி கடூரி பள்ளி அதுதான். கடூரியும் சசூன் கம்பெனியில் குமாஸ்தாவாகத் தொடங்கியவரே. டாக்டர் எலியா மோசஸ் ராஜ்பூர்கர் 1937–38-இல் பம்பாய் மேயர். மகாலட்சுமியிலிருந்து வொர்லி போகும் டாக்டர் இ. மோசஸ் ரோடு அவர் பெயர்தான். தினமும் அதில் போகிறவர்கள் பலர் மோசஸை வெள்ளைக்காரர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

எபிரேயக் கல்வெட்டில் ஆண்டை எப்படி வாசிப்பது?

எழுத்தே எண். வலமிருந்து இடமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எடுத்துக்காட்டாக தாவ், ரேஷ், காஃப், ஹே என்று நான்கு எழுத்து இருந்தால் 400, 200, 20, 5, மொத்தம் 625. ஆயிரத்தை வழக்கமாக விட்டுவிடுவார்கள், நாம் 5000 சேர்த்து 5625 என்று கொள்ள வேண்டும். அதிலிருந்து 3760 கழித்தால் 1865.

இங்கேதான் சறுக்கும். எபிரேயப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறக்கிறது. புத்தாண்டு முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 3761 கழிக்க வேண்டும். டேவிட் சசூன் இறந்தது 1864 நவம்பர். எபிரேய ஆண்டு 5625. மாதம் பார்க்காமல் 3760 கழித்தவர் 1865 என்று எழுதிவிடுவார். ஆகவே மாதப் பெயரையும் படியுங்கள். திஷ்ரி, ஹெஷ்வான் என்றால் யோசிக்காமல் 3761. கிஸ்லேவ், தேவேத் என்றால் டிசம்பர் முடிந்ததா என்று பஞ்சாங்க மாற்றியில் சரிபாருங்கள்.

ஒரே கட்டடத்துக்கு ஏன் இரண்டு மூன்று ஆண்டு சொல்கிறார்கள்?

எதைத் தொடக்கம் என்று எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நூலகத்துக்கு 1847 என்றால் சங்கம், 1870 என்றால் கட்டடம். புனே ஓஹேல் டேவிட் சினகாக் 1863-இல் தொடங்கி 1867-இல் முடிந்தது, இரண்டையும் பார்க்கலாம். மாகேன் டேவிட்டுக்கு 1861 என்றும் 1864 என்றும் அச்சில் உண்டு, 1910 என்று கண்டால் அது ஜேக்கப் விரிவாக்கிய ஆண்டு. ஆண்டோடு ‘தொடக்கம்’, ‘திறப்பு’, ‘விரிவாக்கம்’ என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் பாதிச் சண்டை தீரும்.

புனேயில் என்ன இருக்கிறது?

ரயில் நிலையத்துக்கு அருகே சசூன் ஆஸ்பத்திரி, 1867. காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது 1924 ஜனவரி 12 இரவு குடல்வால் அறுவை நடந்தது இங்கேதான். கர்னல் மேடக் கத்தியை எடுத்த பிறகு கரண்ட் போனது, அரிக்கேன் விளக்கில் முடித்தார்கள். ஓஹேல் டேவிட் செங்கல்லில் கட்டியது, உயரமான மணிக்கூண்டு. ஊர்ப்பெயர் ‘லால் தேவல்’, சிவப்புக் கோயில். டேவிட் சசூன் கல்லறை அந்த வளாகத்தில்.

மும்பையில் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், கிழமை பார்த்துப் போனால். சனிக்கிழமை சினகாக்கில் பார்வையாளரை விடமாட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகை வரிசையும் உண்டு. புதன்கிழமை பைகுல்லா பூங்காவுக்கு விடுமுறை.

விடியற்காலை ஐந்து ஐந்தரைக்கு சசூன் டாக். ஏலம் அப்போதுதான் சூடு பிடிக்கும். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும், ரப்பர் செருப்பு போடுங்கள். கூடை தூக்கி ஓடும் கோலி மீனவப் பெண்களின் வழியில் நிற்காதீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை, போனால் வெறும் படகுகள்தான். பிறகு கோட்டைப் பகுதி: கெனஸெத் எலியாஹு, நூலகம், குதிரை, இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ், எல்லாம் நடக்கிற தூரம். சினகாக்கில் அசல் அடையாள அட்டை கேட்பார்கள், செல்போன் படம் காட்டினால் திருப்பி அனுப்பலாம். ஆண்கள் தலை மூட வேண்டும், தொப்பி அங்கேயே கிடைக்கும். தொழுகைக்கூடம் மாடியில் என்பதால் முட்டிவலிக்காரர்கள் யோசிக்கவும். 2019 சீரமைப்பில் பழைய வெள்ளையும் கருநீலமும் திரும்ப வந்தன. முழு நீலச் சுவரோடு உள்ள படம் கண்டால் அது பழைய படம்.

மத்திய ரயிலில் பைகுல்லா. அங்கே மாகேன் டேவிட், பூங்காவில் சசூன் மணிக்கூண்டு, இடம்மாறிய பழைய குதிரை. பக்கத்து மசினா ஆஸ்பத்திரி சசூன்களின் ‘சான் சூசி’ மாளிகையாக இருந்தது. நோயாளிகள் உள்ள இடம், வெளியே நின்று பார்த்தால் போதும்.

சென்னைக்கு இப்படி யூதர் வரலாறு உண்டா?

உண்டு, சசூன்கள் பம்பாய் வந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில், எபிரேய வணிகர்கள் சார்பில் பார்த்தொலொமேயு ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா ஃபொன்சேகா ஆகிய மூவர் இருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனவர்கள். முத்தியாலுப்பேட்டைப் பவளக்காரத் தெரு அந்தப் பவள வியாபாரத்தின் மிச்சம். வைர வணிகம் தளர்ந்ததும் கலைந்து போனார்கள். பழைய கல்லறைக் கற்கள் சில லாயிட்ஸ் சாலை யூதக் கல்லறையில் இருக்கின்றன.

பம்பாய்க் கொடைகளை இன்று யார் அனுபவிக்கிறார்கள்?

1947-க்குப் பிறகு பாக்தாதிகள் பெரும்பாலும் லண்டனுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். பெனே இஸ்ரேலில் பெரும்பகுதி இஸ்ரேலுக்கு. மாகேன் டேவிட் வளாகத்துப் பள்ளியில் இன்று படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டார முஸ்லிம் பிள்ளைகள். காலையில் சினகாக் வாசலைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். சனிக்கிழமை யூதர்கள் கூட்டாகத் தொழத் தேவையான பத்துப் பேர் சேர்வதே சில வாரம் கஷ்டம்.